பெரியவளானால் முகாம் கிடையாதா?

உங்கள் மகள் பள்ளிக்கூடத்தில் சாரணியர் படையில் இருக்கிறாளா? கழுத்தில் ஸ்கார்ஃப், சட்டைக் கையில் பேட்ஜ், "இன்னிக்குப் புது முடிச்சு கத்துக்கிட்டேம்மா" என்று கொடிக்கயிற்றை அவிழ்த்து வந்து செய்து காட்டுகிறாளா? அப்படியானால் நீங்கள் கொடுத்து வைத்தவர். ஆனால் இன்னும் ஓரிரு வருஷத்தில் உங்கள் வீட்டிலும் ஒரு பேச்சு எழும். "வயசுக்கு வந்த பொண்ணை ராத்திரி வெளியில தங்க விடறதா? போதும், நிறுத்திடலாம்."

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் தாய்மார்கள் பலர், 13, 14 வயதுப் பெண்ணைக் கூட்டி வருவார்கள். மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எந்நேரமும் படுக்கை என்பார்கள். "ஓடியாடி விளையாடறியாம்மா?" என்று கேட்டால் பெண் தன் அம்மாவைப் பார்ப்பாள். அம்மா சொல்வார்: "முன்னாடி கைட்ஸ்ல இருந்தா டாக்டர். பெரியவளானதும் நிறுத்திட்டோம்."

உடம்புக்கு அசைவு அதிகம் வேண்டிய வயதில்தான் நாம் அதை நிறுத்துகிறோம். எலும்பில் சேர வேண்டிய பலத்தில் பெரும்பகுதி 18 வயதுக்குள் சேர்ந்துவிடும். அந்த வயதில் தினம் ஒரு மணி நேரமாவது உடல் உழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2016-ஆம் ஆண்டுக் கணக்கை வைத்து அது 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உலகில் 11 முதல் 17 வயதுவரை உள்ள பெண்களில் 100-க்கு 85 பேருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை!

பெண்களே கேட்டு வாங்கியது

சாரணர் இயக்கம் முதலில் பையன்களுக்காகத்தான் தொடங்கியது. 1907-இல் பேடன் பவல், இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் 20 பையன்களை வைத்து முகாம் நடத்தினார். 1909-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸில் நடந்த பேரணிக்குச் சில சிறுமிகள் தாங்களாகவே சீருடை தைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். அதன் பிறகே 1910-இல் பெண்களுக்கென்று தனி இயக்கம் வந்தது. பேடன் பவலின் தங்கை ஆக்னஸ் அதை நடத்தினார். மறு ஆண்டே, 1911-இல், நம் நாட்டில் ஜபல்பூரில் முதல் படை அமைந்தது. இன்று பாரத சாரண சாரணியர் அமைப்பில் 10 வயதுக்குட்பட்ட சிறுமிகள் நீலப்பறவையர். 10 வயது நிறைந்தால் சாரணியர்.

முகாமில் என்னதான் செய்கிறார்கள்?

சித்த மருத்துவத்தில் நாள் ஒழுக்கம், கால ஒழுக்கம் என்று பாடம் உண்டு. வைகறையில் எழுவது, காலைக்கடன், பல் சுத்தம், உடற்பயிற்சி, குளியல், பசித்துப் புசிப்பது, நேரத்தோடு உறங்குவது. நோய் வந்த பின் மருந்து தேடுவதைவிட, நோய் வராத வாழ்க்கையே மேல் என்பது இதன் அடிப்படை. பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் நாங்கள் புத்தகத்தில் படித்த இந்த ஒழுக்கத்தை, சாரணியர் முகாமில் சிறுமிகள் செய்தே பழகுகிறார்கள்.

விடியலில் விசில். எழுந்ததும் தலை, மார்பு, வயிறு, இடுப்பு, கால் என்று உடம்பு முழுவதற்கும் பேடன் பவல் வகுத்த ஆறு பயிற்சிகள். பிறகு கூடாரத்தைச் சுத்தம் செய்து பரிசோதனைக்கு நிற்க வேண்டும். நகம் வெட்டியிருக்கிறதா, படுக்கை மடித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். அடுத்தது கொடியேற்றம். ஆறேழு பேர் ஓர் அணி. அணிக்கு ஒரு பூவின் பெயர். ஒருத்தி விறகு, ஒருத்தி தண்ணீர், ஒருத்தி சமையல், ஒருத்தி பாத்திரம் என்று வேலை சுழன்று வரும். வீட்டில் தட்டைக் கழுவாத பெண், முகாமில் ரசச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்க்கிறாள். "பசிக்கல" என்ற பேச்சே எழாது!

பேட்ஜ் என்பது அலங்காரமல்ல

பிரவேஷ், பிரதம சோபான், துவிதீய சோபான், திருதீய சோபான், அதற்கு மேல் மாநில அளவில் ராஜ்யபுரஸ்கார் என்று ஒவ்வொன்றாக ஏற வேண்டும். சோபான் என்றால் படி. முதலுதவி, சமையல், முடிச்சு, வரைபடம் என்று செய்து காட்டித் தேறினால்தான் அடுத்த படி.

அந்த முதலுதவி உங்கள் வீட்டுக்கும் உதவும். தீக்காயத்தில் பற்பசையோ மையோ தடவக் கூடாது. குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்கக் கூடாது. முன்னால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மெத்தென்ற பகுதியைப் பத்து நிமிஷம் அழுத்த வேண்டும். பாம்பு கடித்தால் கீறுவதும் உறிஞ்சுவதும் இறுகக் கட்டுவதும் கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல் வைத்து, விஷமுறிவு ஊசி உள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு போக வேண்டும். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், பாம்புக்கடியில் பச்சிலை தேடி நேரத்தைப் போக்காதீர்கள். கழுத்தில் கட்டிய அந்த ஸ்கார்ஃபே அடிபட்ட கைக்குத் தூளி ஆகும். ரீஃப் முடிச்சைப் போட்டால் உறுத்தாமல் தட்டையாக நிற்கும்.

"அந்த நாள்ல என்ன டாக்டர் பண்றது?"

நியாயமான கேள்வி. மாதவிலக்கு நோயல்ல, தீட்டும் அல்ல. முகாமில் அந்த நாள் வந்தால் ஓய்வு வேண்டுமா, எல்லோரோடும் நடக்கலாமா என்பதைப் பெண்ணே முடிவு செய்யட்டும். நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கினை மாற்ற வேண்டும். தேதி தள்ளியிருந்தாலும் பையில் நாப்கின்கள், மாற்று உள்ளாடை, பழைய செய்தித்தாள், மூடிப் போட ஒரு பை இருக்கட்டும். வயிற்று வலிக்குச் சுக்குடன் பனைவெல்லம் சேர்த்துக் காய்ச்சிய கஷாயமும், வெந்நீர் ஒத்தடமும் இதம் தரும். மணிக்கொரு நாப்கின் நனைந்தாலோ, மயக்கம் வந்தாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முகாமுக்கு ஒரு மாதம் முன்பே ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்த்துவிடுங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. முருங்கைக்கீரை, கம்பு, எள்ளுருண்டை கொடுங்கள். கூடவே நெல்லிக்காய் இருந்தால் இரும்புச்சத்து நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பது அதைக் கெடுக்கும். பள்ளியில் இரும்புச்சத்து மாத்திரை தந்தால் "வேண்டாம்" என்று சொல்லாதீர்கள். உணவும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

அனுப்பும் முன் கேளுங்கள்

பயப்படுவது தவறில்லை. பயத்தைக் கேள்வியாக மாற்றுங்கள். சாரணியர் படையை நடத்தும் கேப்டன் ஒரு பெண்மணியாக இருக்க வேண்டும் என்பது விதி. அவரை நேரில் பாருங்கள்.

* இரவில் பெண்களோடு தங்கப் போகும் ஆசிரியைகள் எத்தனை பேர்?
* கழிப்பறை எங்கே, தாழ்ப்பாள் இருக்கிறதா, இரவில் வெளிச்சம் உண்டா?
* குடிதண்ணீர் காய்ச்சியதா?
* பக்கத்து மருத்துவமனை எவ்வளவு தூரம், வண்டி தயாராக நிற்குமா?
* பெற்றோர் எந்த நேரத்திலும் பேச எண் உண்டா?

பதில் திருப்தியில்லை என்றால் அந்த ஒரு முகாமுக்கு மட்டும் மறுத்துவிடுங்கள். இயக்கத்தையே விட்டு நிறுத்திவிடாதீர்கள். மகளுக்கு ஆஸ்துமா, வலிப்பு, ஒவ்வாமை எதுவும் இருந்தால் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மருந்தைப் பெயர் எழுதி ஆசிரியையின் கையில் ஒப்படையுங்கள்.

மகள் திரும்பி வரும்போது வெயிலில் கறுத்துத்தான் வருவாள். துணியெல்லாம் புகை வாசம் அடிக்கும். "கறுத்துட்டியேடி!" என்று தொடங்காதீர்கள். சுடச்சுட எண்ணெய் தேய்த்துக் குளிக்க வைத்து, வயிறாரச் சோறு போட்டு, என்ன கற்றாள் என்று கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வேளைச் சமையலை அவள் கையில் விடுங்கள். அப்பாவும் அண்ணனும் பாத்திரம் தேய்க்கட்டும். முகாமில் வேலை எல்லோருக்கும் பொது அல்லவா?