சிறுதேரும் அட்டைப்பெட்டியும்

விளையாட்டை நம் முன்னோர் வீண்பொழுது என்று தள்ளவில்லை. செல்வம், புலன், புணர்வு ஆகியவற்றோடு விளையாட்டையும் சேர்த்து, உவகை பிறக்கும் நான்கு இடங்களில் ஒன்றாகத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் வைக்கிறது. பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று மூன்று பருவங்கள் ஆண்பிள்ளையின் விளையாட்டுக்கே ஒதுக்கப்பட்டுள்ளன.

இவை எல்லாம் நான் ஏட்டில் படித்தவை. அதன் பொருள் விளங்கியது 2020 மார்ச் 25க்குப் பிறகுதான். ஊரடங்கு வந்தது. பாத்திரக் கடையைப் பூட்டிவிட்டு ஜீவனஹள்ளி வீட்டில் முடங்கினேன். மூன்றாம் நாளே பேத்தியும் பேரனும் "தாத்தா, போரடிக்குது" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதையும் பாதி இங்கிலீஷில்தான் சொன்னார்கள். தமிழில் கேட்டால் கன்னடத்திலோ இங்கிலீஷிலோ பதில் சொல்லும் பிள்ளைகள். இரண்டு வருஷமாக ஆத்திசூடியை வைத்துக்கொண்டு நான் போராடியும் பலனில்லை. வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்களுக்கு இந்த வேதனை புதிதல்லவே!

கடைச் சரக்கு வந்த பெரிய அட்டைப்பெட்டி ஒன்று மாடியில் கிடந்தது. அதைக் கீழே கொண்டுவந்து போட்டேன், அவ்வளவுதான். அரைமணியில் அது வந்தவாசி பஸ் ஆகிவிட்டது. பழைய பில் புத்தகம் டிக்கெட் ஆயிற்று. ஓசூர், கிருஷ்ணகிரி, செங்கம், திருவண்ணாமலை, சேத்துப்பட்டு என்று ஒவ்வொரு ஊராகக் கூவினார்கள். பேரன் இங்கிலீஷில் டிக்கெட் கேட்டதும் பேத்தி அதட்டினாள்: "நம்ம ஊர் கண்டக்டர் இங்கிலீஷ் பேசமாட்டார்டா!" அன்று முதல் பஸ்ஸுக்குள் தமிழ்தான். "சில்லறை இல்ல, எறங்கும்போது வாங்கிக்கோ" என்று அவன் சொன்னபோது என் கண் கலங்கிவிட்டது.

குறுந்தொகை 61ஆம் பாட்டில் தச்சன் செய்த சிறுதேர் வருகிறது. அதில் ஏறிப் போக முடியாது. கையால் இழுத்தே சிறுவர்கள் இன்பம் அடைகிறார்கள். நற்றிணை 172இல், விளையாட்டாக மணலில் புதைத்து மறந்த விதை புன்னையாக முளைக்கிறது. நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த அந்த மரத்தை மகளுக்குத் தங்கை என்கிறாள் தாய். பெரியவளாகியும் அந்த மகள் மரத்தடியில் காதலனோடு சிரித்துப் பேச நாணுகிறாள். பாவனையில் கொண்ட உறவு நிஜமாகவே நிலைத்துவிட்டது பாருங்கள்.

இதையே ருஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் வேறு விதமாக விளக்கினார். குச்சியைக் குதிரையாக்கும் குழந்தை, கண்ணில் படும் பொருளை விட்டு மனத்திலுள்ள கருத்தைப் பிடித்துக்கொள்ளப் பழகுகிறது. விளையாட்டின் விதிக்குத் தானே மனமுவந்து கட்டுப்படுகிறது என்றார். நான் அதட்டியபோது வராத தமிழ், பேத்தி அதட்டியபோது வந்த காரணம் இதுதான். என்னுடையது பாடம், அவளுடையது பஸ்ஸின் விதி.

பஸ் அலுத்ததும் சீவகசிந்தாமணியின் மயிற்பொறிக் கதையைச் சொன்னேன். அரசி விசயை வானில் ஏறித் தப்பிய எந்திர மயில் அது. மறுநாள் முறமும் குடையும் சேர்ந்து மயிலாகிக் கட்டில்மேல் ஏறிவிட்டது!

என் அனுபவத்தில் பெரியவர்கள் செய்யவேண்டியது கொஞ்சம்தான். முழுசாகச் செய்த பொம்மையைவிடப் பெட்டி, துணி, முறம் போன்றவற்றைக் கொடுங்கள். "போரடிக்குது" என்றதும் உடனே செல்போனை நீட்டாதீர்கள். அந்தச் சலிப்பிலிருந்துதான் விளையாட்டு முளைக்கிறது. கூப்பிட்டால் மட்டும் போங்கள். போனால், தமிழ் மட்டுமே தெரிந்த பூக்காரியாகவோ ஊர்ப் பாட்டியாகவோ போங்கள். பிழையைத் திருத்தாதீர்கள், திருத்தினால் அது மறுபடி பாடமாகிவிடும்.

அந்த அட்டைப்பெட்டி எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போய்விட்டது. ஆனால் ஊரிலிருந்து என் தாயார் போன் செய்தால், பேரன் இன்றைக்கும் எடுத்த எடுப்பில் "வந்தவாசி டிக்கெட் ஒண்ணு!" என்கிறான். அதன் பிறகு அவர்கள் பேசுவதெல்லாம் தமிழ்தான்.