குப்பைக் கூடைக் கலைஞர்

உங்கள் சட்டைப் பையில் பழைய பஸ் டிக்கெட் ஒன்று இருக்கிறதா? மிட்டாய் சுற்றி வந்த காகிதம்? பிரித்துப் படித்தாகிவிட்ட கடித உறை? சுருட்டி எறிந்துவிடத்தானே போகிறீர்கள்! கொஞ்சம் பொறுங்கள். இதே சாமான்களைத் தெருத் தெருவாகப் பொறுக்கி, உலகத்தின் பெரிய சித்திரசாலைகளில் ஏற்றி வைத்துவிட்டுப் போன ஒருவரின் கதையைச் சொல்கிறேன்.

அவர் பெயர் குர்ட் ஷ்விட்டர்ஸ். 1887-இல் ஜெர்மனியில் ஹானோவர் நகரில் பிறந்தவர். படம் போட வராததால் காகிதம் ஒட்டப் போனவர் என்று நினைத்துவிடாதீர்கள். டிரெஸ்டன் கலைக் கழகத்தில் முறையாக ஓவியம் பயின்றவர். எதிரே ஆளை உட்கார வைத்தால் அச்சு அசலாக எழுதிவிடுவார். பின் ஏன் குப்பைக்குப் போனார்?

1918-இல் முதல் உலக யுத்தம் முடிந்தது. தோற்றுப் போன ஜெர்மனியில் எல்லாமே உடைந்து கிடந்தது. உடைந்த துண்டுகளைக் கொண்டுதான் இனிப் புதியதைச் செய்ய வேண்டும் என்று ஷ்விட்டர்ஸுக்குத் தோன்றிவிட்டது. டிராம் டிக்கெட், செய்தித்தாள் கிழிசல், கம்பி, தக்கை, துணி, உடைந்த சக்கரம் என்று கையில் அகப்பட்டதையெல்லாம் வீட்டுக்குக் கொண்டுவர ஆரம்பித்தார்.

ஒரு நாள் ஒரு பாங்கு விளம்பரத்தை வெட்டிப் படத்தில் ஒட்டினார். 'கொம்மெர்ஸ்' என்ற வார்த்தையில் முன்பாதி போய், 'மெர்ஸ்' என்ற பின்பாதி மட்டும் மிஞ்சியது. அர்த்தமே இல்லாத அந்தத் துண்டு வார்த்தை அவருக்குப் பிடித்துப் போயிற்று. 1919 முதல் தம் கலைக்கே 'மெர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்!

அவர் வேலை செய்ததைப் பார்த்தவர்கள் சொல்லும் விவரம் சுவாரஸ்யமானது. முதலில் கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்துக் காகிதத்தின் மேல் பரப்புவார். நம் ஊரில் சுவரொட்டி ஒட்டும் பசை மாதிரிதான். அது ஈரமாக இருக்கும்போதே துண்டுகளை வைத்து, நகர்த்தி, திருப்பி, மறுபடி நகர்த்துவார். கசங்கிய சிறு துணுக்குகளை விரல் நுனியால் பசைக்குள் அழுத்துவார். மாவே பசை; சில இடங்களில் மாவே வர்ணம். மிஞ்சியதை ஈரத் துணியால் துடைத்துவிடுவார். துடைத்த இடத்தில் அடியிலிருப்பது பளிச்சென்று தெரியும். துடைக்காத இடத்தில் பனிமூட்டம் மாதிரி மங்கித் தெரியும். கட்டை, சக்கரம் போன்ற கனமான சாமான்களுக்குப் பசை போதுமா? சுத்தியும் ஆணியும் எடுத்துக்கொள்வார்.

"இதில் என்ன பிரமாதம்? ஒட்டுவதற்கு ஒரு கலைஞர் வேண்டுமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நவராத்திரிக் கொலுவை நினைத்துப் பாருங்கள். உடைந்த முகம் பார்க்கும் கண்ணாடியை மண்ணுக்கு நடுவே வைத்ததும் அது குளமாகிவிடுகிறதல்லவா? கண்ணாடி அதே கண்ணாடிதான்; வைத்த இடந்தான் வேறு. ஷ்விட்டர்ஸின் கையிலும் அப்படித்தான். டிக்கெட் தன் பழைய உத்தியோகத்தை விட்டுவிட்டுச் சிவப்பு நிறமாகவோ, சாய்ந்த கோடாகவோ மாறிவிடும். ஆனாலும் அது யாரோ ஒருவர் பிரயாணம் செய்த டிக்கெட் என்பதும் மறக்காது. அந்த இரட்டை வேஷந்தான் அவர் படங்களின் ரகசியம்.

படம் ஒட்டி அலுத்து, வீட்டின் மேலேயே கை வைத்தார்! 1920-களில் ஹானோவர் வீட்டு அறையில் ஒரு தூண் முளைத்தது. மரமும் சுண்ணமுமாக அது வருஷக்கணக்கில் வளர்ந்தது. நடுவில் சின்னச் சின்னக் குகைகள். ஒவ்வொன்றிலும் நண்பர்களின் ஞாபகச் சின்னங்கள்: ஒருவருடைய தலைமயிர்க் கற்றை, கட்டிடக் கலைஞர் மீஸ் வான் டெர் ரோவின் பென்சில்! அடுத்த அடுக்கு வந்ததும் பழைய குகைகள் உள்ளே மறைந்து போகும்.

இதற்குள் ஹிட்லர் வந்துவிட்டார். 1937-இல் ம்யூனிக் நகரில் 'சீரழிந்த கலை' என்று பரிகாசம் செய்து நாஜிகள் நடத்திய காட்சியில் ஷ்விட்டர்ஸின் படங்களும் தொங்கின. அதற்கு முன்பே, அவ்வருஷ ஜனவரியில், மனைவி ஹெல்மாவை ஹானோவரில் விட்டுவிட்டு அவர் நார்வேக்குப் போய்விட்டார். அங்கும் ஒரு மெர்ஸ் வீடு எழுப்பினார். 1940-இல் ஜெர்மன் படை அங்கும் வந்தது. பிரிட்டனுக்குத் தப்பி ஓடினார். பிரிட்டிஷ் சர்க்கார் என்ன செய்தது தெரியுமா? எதிரி நாட்டுப் பிரஜை என்று மான் தீவில் காவல் முகாமில் அடைத்தது!

முகாமில் மாவுக்கும் பசைக்கும் எங்கே போவது? காலை ஆகாரமான ஓட்ஸ் கஞ்சியில் மிஞ்சியதைச் சேர்த்துச் சிலை செய்தார். சிலைகளில் பூஞ்சணம் பூத்து நாற்றம் எடுத்ததாம். அவர் கவலைப்படவில்லை. தரையில் விரித்திருந்த லினோலியத்தைப் பெயர்த்து அதன் மேலும் படம் எழுதினார்.

1943-இல் விமானக் குண்டு விழுந்து ஹானோவர் வீடு அழிந்தது. அடுத்த வருஷம் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். கணவனும் மனைவியும் கடைசி முறையாகப் பார்த்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

வேறு ஒருவராயிருந்தால் அத்துடன் ஓய்ந்திருப்பார். ஷ்விட்டர்ஸ் இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்துக்குப் போய், ஊராரின் உருவப் படங்களையும் மலைக் காட்சிகளையும் எழுதி வயிறு வளர்த்தார். 1947-இல் நியூயார்க் நவீன கலைக் காட்சிசாலையிலிருந்து உதவிப் பணம் வந்தது. எல்டர்வாட்டர் என்ற கிராமத்தில் ஒரு கல் கொட்டகையைப் பிடித்து, மூன்றாவது முறையாக மெர்ஸ் கட்டத் தொடங்கினார். அப்போது வயது 60, உடம்பில் நோய், வெளியே குளிர். ஒரு சுவர்தான் உருவாயிற்று. 1948 ஜனவரி 7-ஆம் தேதி பிரிட்டிஷ் குடியுரிமை கிடைத்த செய்தி வந்தது. மறுநாள் அவர் இறந்துவிட்டார்.

நார்வே வீடும் 1951-இல் தீக்கிரையாயிற்று. மிஞ்சியது அந்த ஒற்றைச் சுவர். 1965-இல் அதை அப்படியே பெயர்த்து நியூகாஸில் சர்வகலாசாலையின் ஹாட்டன் காட்சிசாலைக்குக் கொண்டு போனார்கள். இன்றும் அங்கே இருக்கிறது.

இதைப் படித்துவிட்டு வீட்டுக் குப்பையையெல்லாம் சேர்த்து வைக்க ஆரம்பித்துவிடாதீர்கள். வீட்டு அம்மாள் சண்டைக்கு வந்தால் நான் ஜவாப்தாரியல்ல! ஆனால், இருந்தது எல்லாம் உடைந்து போனதாக என்றைக்காவது தோன்றினால், துண்டுகளைப் பொறுக்கி மறுபடி மாவு கரைத்த இந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.