பழைய இரும்பு – 11: அரை அங்குலம் என்று ஒரு பொய்

போன வாரம் ஃபெர்குசன் டிராக்டரின் ஒற்றை ஸ்பேனரில் வந்து நின்றோம். செவ்வாய்க்கிழமை காலை வரை அந்த ஸ்பேனரைப் பற்றித்தான் எழுதுவதாக இருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, திருமங்கலத்தில் நான் வழக்கமாகக் குனிந்து கிளறும் காயலான் கடையில், அறுந்த சைக்கிள் செயினுக்கும் தேய்ந்த கொழுவுக்கும் அடியில் ஒரு ஸ்பேனர் கிடைத்தது. ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகம். ஒரு முனை உடைந்திருந்தது. மறுமுனையில் துருவுக்கு நடுவே ஏதோ எழுத்து. சாக்கட்டியைத் தேய்த்துவிட்டு வெயிலில் சாய்த்துப் பார்த்தேன்: 1/2, பக்கத்தில் ஒரு டபிள்யூ.

"அது ஒண்ணுக்கும் சேராதுண்ணே. நானே போட்டுப் பாத்துட்டேன். எடைக்குத்தான் போகும்" என்றார் கடைக்காரர். எடைக்கே வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து வெர்னியர் வைத்து அளந்தால், அரை அங்குலம் என்று முத்திரை குத்திய ஸ்பேனரின் வாய் 0.92 அங்குலம் இருக்கிறது. நம் தச்சர் கணக்கில் அங்குலத்துக்கு 8 நூல். அதாவது 4 நூல் என்று சொல்லிவிட்டு 7 நூலுக்கும் மேலே வாயைத் திறந்து வைத்திருக்கிறது. தேய்மானம் என்று நினைத்துவிடாதீர்கள். புதிதாக வந்தபோதே அதன் வாய் அவ்வளவுதான்.

அந்த டபிள்யூ, விட்வொர்த். ஜோசப் விட்வொர்த் என்ற ஆங்கிலேயர் 1841இல் மரைக்கு ஓர் ஒழுங்கு கொண்டுவந்தார். அதுவரை ஒவ்வொரு பட்டறையும் தனக்குத் தோன்றிய மரையை வெட்டிக்கொண்டிருந்தது. ஒரு பட்டறையின் நட்டு அடுத்த பட்டறையின் போல்ட்டில் ஏறாது. இவர் மரையின் கோணம் 55 டிகிரி, இந்தத் தடிமனுக்கு அங்குலத்துக்கு இத்தனை சுற்று என்று ஒரு பட்டியல் போட்டார். அந்த வழியில் வந்த ஸ்பேனர்களில் குத்தியிருக்கும் எண் ஸ்பேனரின் வாயைச் சொல்வதில்லை. அது பிடிக்கப்போகிற போல்ட்டின் தண்டு எத்தனை தடிமன் என்பதைச் சொல்கிறது. அரை அங்குலத் தண்டுள்ள போல்ட்டுக்குத் தலை 0.92 அங்குலம். ஆகவே ஸ்பேனரின் பெயர் அரை. மாப்பிள்ளை பெயரைக் கேட்டால் பெண்ணின் பெயரைச் சொல்கிற மாதிரி.

அமெரிக்காக்காரர்கள் வாயின் அகலத்தையே ஸ்பேனரில் குத்தினார்கள். மில்லிமீட்டர்க்காரர்களும் அப்படித்தான். கடைக்காரர் இதை ஏதாவது ஓர் அரை அங்குல நட்டுத் தலையில் போட்டுப் பார்த்திருப்பார்; அது கிணற்றில் விழுந்த எலுமிச்சம்பழம் மாதிரி ஆடியிருக்கும்.

இத்தோடு போகவில்லை. இரண்டாம் உலகப் போரில் எஃகை மிச்சம் பிடிக்க விட்வொர்த் போல்ட்டுகளின் தலையை ஓர் அளவு சிறிதாக்கினார்கள். அதன் பிறகு அரை அங்குல போல்ட்டுக்கு, முன்பு 7/16 என்று குத்தியிருந்த ஸ்பேனர்தான் சேரும். அதன் வாய் 0.82 அங்குலம். போருக்கு முந்தைய அரையும் பிந்தைய அரையும் வேறு வேறு. சில ஸ்பேனர்களில் ஒரே முனையில் இரண்டு எண் குத்தியிருப்பதைப் பார்த்து, முதல் அத்தியாயத்தில் நான் அச்சுப் பிழை என்று கேலி செய்திருந்தேன். அது என் பிழை. திருத்திக்கொள்ளுங்கள்.

இங்கே இந்த டபிள்யூ எப்படி வந்தது? டிராக்டரோடு வந்ததைவிட ஆயில் எஞ்சினோடு வந்ததே அதிகம் என்று நினைக்கிறேன். இங்கிலாந்தில் டர்ஸ்லி என்ற ஊரில் லிஸ்டர் கம்பெனி செய்த எஞ்சினும், அதைப் பார்த்து ராஜ்கோட்டில் செய்த எஞ்சினும் நம் பக்கத்துக் கிணற்று மேடுகளில் நின்று 'டுப்... டுப்' என்று தண்ணீர் இறைத்தவை. நிமிஷத்துக்கு 600, 650 சுற்று, அவ்வளவுதான். பக்கத்தில் நின்றால் எண்ணிவிடலாம் போலத் தோன்றும். லிஸ்டரின் மரை விட்வொர்த். பிறகு 1960இல் சென்னையில் டாஃபே கம்பெனி தொடங்கி மேசி ஃபெர்குசன் டிராக்டர் வந்தது. அதற்கு வாய் அளவு குத்திய அங்குல ஸ்பேனர். எச்.எம்.டி. ஜீட்டர் டிராக்டருக்கு மில்லிமீட்டர். ஆக, கரிசல்காட்டு மெக்கானிக்கின் பெட்டியில் மூன்று பாஷை பேசும் ஸ்பேனர்கள் கிடந்தன.

மூன்றும் இல்லாதவர் என்ன செய்வார்? உசிலம்பட்டி ரோட்டில் ஒரு பெரியவர், எஞ்சின் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. ஸ்பேனரைக் கையில் கொடுத்ததும் எடை பார்ப்பதுபோல் இரண்டு தரம் தூக்கிப் பார்த்தார். "இது இல்லேன்னா இருவத்திநாலப் போட்டு, இங்கிட்டு ஒரு ஆக்ஸா பிளேடுத் துண்டச் சொருகுவோம் தம்பி. கப்புனு பிடிச்சுக்கும்" என்றார்.

ராத்திரி அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.92 அங்குலம் என்றால் 23.37 மில்லிமீட்டர். 23 ஸ்பேனர் நுழையாது, 24 வழுக்கும். ஆக்ஸா பிளேடின் கனம் ஏறக்குறைய 0.64 மில்லிமீட்டர். 24இல் அதைக் கழித்தால் 23.36! வெர்னியரும் பட்டியலும் வைத்துக்கொண்டு நான் பகலெல்லாம் தேடியது, அவருக்குப் பிளேடுத் துண்டாகச் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. இந்த வாரம் தூக்கம் போனதற்குக் காரணம் இந்த ஒரு கழித்தல்தான்.

நானும் இதில் அடிபட்டவன். சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய எஞ்சினின் அரை அங்குல போல்ட்டில் அமெரிக்க மரை நட்டை ஏற்றினேன். முதல் இரண்டு சுற்று வெண்ணெயாகப் போனது. மூன்றாவதில் இறுகியது. துரு என்று நினைத்துப் பைப்பைச் சொருகி மிதித்தேன். மரை மொத்தமும் சீவிக்கொண்டு வந்துவிட்டது. விட்வொர்த் அரைக்கு அங்குலத்துக்கு 12 சுற்று, அமெரிக்க அரைக்கு 13. முக்கால் அங்குலத்துக்கும் இரண்டுக்கும் 10 சுற்று, முக்காலே அரைக்கால் அங்குலத்துக்கும் இரண்டுக்கும் 9. பார்த்துப் பார்த்து அந்த அரையில் மட்டும் பேதம். அன்றும் அந்தப் பெரியவர் இருந்தார். "பொருத்தம் பாக்காமப் பூட்டிட்டீகளே" என்றார், அவ்வளவுதான்.

இந்தத் தலைவலியால்தான் போர் முடிந்து 1948இல் அமெரிக்காவும் பிரிட்டனும் கனடாவும் உட்கார்ந்து, 60 டிகிரியில் ஒரு பொது மரைக்கு ஒப்புக்கொண்டன. அதற்குள் விட்வொர்த்துக்கு நூறு வயது தாண்டிவிட்டது. நம் ஊரில் மெட்ரிக் சட்டம் 1956இல் வந்தது. ஆனால் கிணற்று மேட்டில் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டத்தைப் படித்ததில்லை.

இதை எழுதும்போது புதன்கிழமை மணி நாலரை. ஆசிரியர் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். ஆகவே ஃபெர்குசன் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போகிறது. 1946 முதல் 1956 வரை கவன்ட்ரியில் 5 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய அந்தச் சாம்பல் நிறக் குட்டி டிராக்டரோடு வந்த ஸ்பேனரில், கைப்பிடி நெடுக அங்குலக் கோடுகள் இருக்கும். நட்டைத் திருகவும் அதுவே, கலப்பையை அளந்து வைக்கவும் அதுவே. நிச்சயம் அடுத்த வாரம்.

அதற்குள் ஒரு வேண்டுகோள். மோட்டார் ரூமிலோ பரணிலோ டபிள்யூ குத்திய ஸ்பேனர் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். கிரைண்டர் வைத்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம், எழுத்து போய்விடும். ஓர் இரவு மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பித்தளைப் பிரஷ்ஷால் தேய்த்து, எண்ணைப் படித்து இதழ் முகவரிக்கு ஒரு கார்டு போடுங்கள். எனக்கு 3/8 இன்னும் கிடைக்கவில்லை.