மலையேறப் பணம் கட்டும் முன்…

2018 மார்ச் 11. கொழுக்குமலையிலிருந்து போடி அருகே உள்ள குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. 23 பேர் உயிரிழந்தனர்.

மாசி, பங்குனியில் சரிவெங்கும் புல் காய்ந்து நிற்கும். சமதரையைவிட மேட்டில் தீ வேகமாக ஏறும். அதனால்தான் வழக்கமாக பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடிவிடுகிறது. அந்த நாட்களில் யாராவது கூட்டிப்போகிறேன் என்றால் சந்தேகப்படுங்கள்.

கேட்க வேண்டியது என்ன?

வனத்துறையின் அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பாதை, தேதி, ஆட்களின் எண்ணிக்கை மூன்றும் சரியா என்று பாருங்கள். ஒரு பாதைக்கு வாங்கிய அனுமதி அடுத்த பாதைக்குச் செல்லாது. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி நுழைவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அங்கே தீ மூட்டுவதும் அப்படியே. யார், எங்கே, எத்தனை பேர் என்பது வனத்துறைக்குத் தெரிந்திருந்தால்தான் ஆபத்தில் தேடிவர முடியும்.

தீயைக் கண்டால்?

மேட்டை நோக்கி ஓடாதீர்கள். குறுகிய பள்ளத்திலும் ஒதுங்காதீர்கள். புகைபோக்கிபோல அது அனலை இழுக்கும். புல் இல்லாத பாறைவெளியோ ஏற்கெனவே எரிந்து அணைந்த நிலமோ பாதுகாப்பானது. பருத்தி உடை உடுத்துங்கள். செயற்கை இழை உருகித் தோலில் ஒட்டும். சிக்னல் கிடைத்தால் 112ஐ அழையுங்கள்.

ஏமாற்றப்பட்டால்?

கட்டணம் வாங்கியவர், தனக்குத் தெரிந்த முக்கியத் தகவலை வேண்டுமென்றே மறைத்தால் அது சேவைக் குறைபாடு என்கிறது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். பாதை மூடியிருப்பதை மறைப்பதும் அதில் சேரும். ‘எது நடந்தாலும் என் பொறுப்பு’ என்று கையெழுத்து வாங்கிவிட்டதாலேயே ஏற்பாட்டாளரின் அலட்சியம் கேள்விக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசலாம். தீரவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் தரலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. கட்டண ரசீது, விளம்பரம், வாட்ஸ்அப் செய்திகளைப் பத்திரப்படுத்துங்கள்.

நண்பர்கள் இலவசமாக அழைத்துச்சென்றால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அங்கே அனுமதிச் சீட்டைக் கேட்பது இன்னும் அவசியம். கூச்சப்படாமல் கேளுங்கள், காட்டத் தயங்கினால் அந்தப் பயணமே வேண்டாம்.