விளிம்பு நீண்டால் பூ விரியும்

ஹேர் கிளிப்பில் தைத்திருக்கும் குரோஷே பூ ஒன்றைக் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள். துணியில் வெட்டிச் செய்த பூவென்றால் மடிப்பு இருக்கும், தையல் இருக்கும். இதில் இரண்டும் இல்லை. ஒரே நிறப் பூவாக இருந்தால் நடுவிலிருந்து விளிம்பு வரை பெரும்பாலும் ஒரே நூல்தான் ஓடுகிறது. முடித்த இடத்தில் செருகிவைத்த நூல் நுனியை விடுவித்து இழுத்தால், பூ முழுவதும் கண்ணி கண்ணியாகக் கழன்று வெறும் நூலாகிவிடும். குவிந்த மொட்டு, தட்டைப் பூ, ஓரம் சுருண்ட ரோஜா எல்லாமே அதே நூல், அதே கொக்கி ஊசி. அப்படியானால் வடிவம் எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு சுற்றிலும் எத்தனை கண்ணி போடுகிறோம் என்ற எண்ணிக்கையிலிருந்து.

தட்டையான வட்டம் பின்னக் கற்றுக்கொடுப்பவர்கள் சொல்லும் கணக்கு இது: முதல் சுற்றில் 6 சிங்கிள் குரோஷே கண்ணி, அடுத்ததில் 12, பிறகு 18, 24. சுற்றுக்கு ஆறு கூட்ட வேண்டும். ஏன் ஆறு? ஒரு வட்டத்தின் ஆரம் ஓர் அலகு கூடினால், அதன் சுற்றளவு 2π, அதாவது சுமார் 6.28 அலகு கூடும். வட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்தக் கூடுதல் மாறாது. சிங்கிள் குரோஷே கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே ஒரு சுற்று உயர்ந்தால் ஆறு கண்ணி அதிகம் தேவைப்படுகிறது. டபுள் குரோஷே ஏறத்தாழ இரு மடங்கு உயரம். அதில் சுற்றுக்கு 12 கூட்டுவார்கள். பை என்ற எண்ணைக் கேள்விப்படாதவர்களும் அதை விரல் நுனியில் வைத்திருக்கிறார்கள்.

இந்த எண்ணிக்கையைக் குறைத்தால் விளிம்புக்கு நீளம் போதாது. துணி உள்நோக்கி இழுபட்டுக் கிண்ணமாகக் குவியும்; மொட்டு வந்துவிட்டது. கூட்டினால் விளிம்பு இடம் கொள்ளாமல் நெருக்கியடிக்கும். தட்டையாகப் படுக்க வழியில்லாததால் மேலும் கீழுமாக அலையடிக்கும்.

கிளிப்புகளில் காணும் சுருள் ரோஜாவை இந்த இடத்தில் செய்தே பார்க்கலாம். முதலில் நாற்பது ஐம்பது சங்கிலிக் கண்ணிகள் நேர்கோடாக. திரும்பி வரும்போது ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு, மூன்று டபுள் குரோஷே. பாதி வரிசை முடிவதற்குள் பட்டை தானாகவே சுருளத் தொடங்கும். யாரும் அதை வளைக்கவில்லை. அடி விளிம்பு குட்டை, மேல் விளிம்பு நீளம். இந்த வித்தியாசமே அதைத் திருகுகிறது. சுருளைச் சுற்றி அடியில் நாலு தையல் போட்டால் ரோஜா தயார். ரப்பர் பேண்டைச் சுற்றிக் கண்ணிகளை நெருக்கிப் போட்டு ஸ்க்ரஞ்சிக்குச் சுருக்கம் கொண்டுவருவதும் இதே வித்தைதான்.

கணித உலகம் இந்தச் சுருக்கத்தை வேறு வழியாக வந்து சந்தித்தது. ஒரு கோட்டுக்கு வெளியே உள்ள புள்ளி வழியாக அதற்கு இணையாக ஒரு கோடுதான் வரைய முடியும் என்பது பள்ளியில் படிப்பது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஹங்கேரியின் போல்யாயும் ரஷ்யாவின் லோபசெவ்ஸ்கியும், பல கோடுகள் வரையக்கூடிய வேறொரு வடிவியலைத் தனித்தனியே உருவாக்கினார்கள். அந்தத் தளத்துக்கு அதிபரவளையத் தளம் என்று பெயர்; அதன் ஒரு துண்டைச் செய்தால் விளிம்பு இதேபோல் இடம் கொள்ளாமல் நெளியும். அதில் முக்கோணத்தின் கோணங்களைக் கூட்டினால் 180 பாகைக்குக் குறைவாகவே வரும். பிற்காலக் கணிதவியலாளர்கள் காகிதப் பட்டைகளை ஒட்டி அந்தத் தளத்துக்கு மாதிரிகள் செய்தார்கள். கை பட்டால் கிழிந்துவிடும்.

லாட்வியாவில் பிறந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணிதவியலாளர் டைனா டைமினா, 1997இல் அந்த மாதிரியை நூலில் செய்ய முனைந்தார். இரட்டை ஊசிப் பின்னலில் ஒரு வரிசையின் எல்லாக் கண்ணிகளும் ஊசியிலேயே காத்திருக்க வேண்டும். வரிசை பெருகப் பெருக ஊசி தாங்காது. குரோஷேயிலோ எந்த நேரத்திலும் ஊசியில் பெரும்பாலும் ஒரு கண்ணிதான் காத்திருக்கும். அதனால் விளிம்பு எவ்வளவு நீண்டாலும் கவலையில்லை. அவர் பின்னிய துணியை மடித்தால் மடிப்பு நேர்கோடாகிறது. அதன்மேல் வண்ண நூல் ஓட்டி, சந்திக்காத பல கோடுகளை மாணவர்கள் தொட்டே பார்த்தார்கள்.

விளிம்பு எவ்வளவு வேகமாக நீளும்? 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் இரட்டித்துப் பாருங்கள். தட்டை வட்டத்தில் பத்தாம் சுற்றுக்கு 60 கண்ணி. இதிலோ 3,072!

செடிகளுக்கு எண்ணத் தெரியாது. ஆனால் எந்தச் செல் எப்போது வளர்ச்சியை நிறுத்த வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. ஸ்நாப்டிராகன் செடியில் ஒரு மரபணு பழுதானால், இலையின் ஓரத்துச் செல்கள் நடுப்பகுதியைவிட அதிகம் வளர்ந்துவிடுகின்றன. தட்டையாக இருக்க வேண்டிய இலை அலையலையாகச் சுருங்குகிறது. இங்கிலாந்தின் ஜான் இன்னஸ் மையத்து ஆய்வாளர்கள் 2003இல் இதை விளக்கினார்கள். நம் பெண்கள் சரத்தில் கட்டிச் சூடும் கோழிக்கொண்டைப் பூவின் நெளிவும் தூரத்து உறவுதான்: அதன் வளரும் முனை புள்ளியாக நிற்காமல் கோடாக அகன்றுகொண்டே போகிறது.

மொட்டு மலர்வதிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. லில்லி இதழின் நடு நரம்புதான் பூவைத் திறக்கிறது என்ற எண்ணம் முன்பு இருந்தது. சென்னை ஐஐடியில் படித்து ஹார்வர்டில் பேராசிரியரான எல். மகாதேவனும் அவருடைய சக ஆய்வாளரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு வேறு விடை தந்தது. இதழின் ஓரங்கள் நடுவைவிட வேகமாக வளர்கின்றன; அந்த நெருக்கடியில் உள்நோக்கிக் குவிந்திருந்த இதழ் வெளிப்புறமாகப் புரள்கிறது. மலர்ந்த லில்லியின் ஓரத்தில் தெரியும் நெளிவு அந்த அதிக வளர்ச்சியின் தடயம்.

கொக்கி ஊசி பிடிப்பவர்களுக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. பின்னிய பூ கோணலாக வந்தால் நனைத்து, குண்டூசி குத்திக் காயவைப்பது வழக்கம். சிறு கோணல் அதில் நேராகிவிடும். எண்ணிக்கைப் பிழை நேராகாது. இதழ் குவிகிறதா, கடைசிச் சுற்றைப் பிரித்து ஒன்றிரண்டு கண்ணி கூட்டுங்கள். அளவுக்கு மீறி நெளிகிறதா, குறையுங்கள்.