சாவி அவன் கையில்!

அமெரிக்காவில் மிஸ்ஸிஸிப்பி ராஜ்யத்தில் ஃபாரஸ்ட் என்று ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பாங்கியில் டொனால்ட் டிரிப்லெட் என்பவர் வெகு காலம் வேலை பார்த்தார். 27-வது வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். ஓய்வு நேரத்தில் கோல்ஃப் ஆடுவார். விடுமுறை கிடைத்தால் ஒற்றை ஆளாகவே தேச சஞ்சாரத்துக்குக் கிளம்பிவிடுவார். 1985-ல் தாயார் காலமான பிறகும் தாம் வளர்ந்த வீட்டிலேயே தனியாக வசித்தார். 2023-ம் வருஷம், 89-வது வயதில் கண் மூடினார்.

“இதில் என்ன அதிசயம்?” என்கிறீர்களா? இன்று நாம் ஆட்டிஸம் என்று சொல்கிறோமே, அந்த நிலை இன்னதென்று வைத்திய உலகம் முதன்முதலாகக் கண்டறிந்தது இவரிடத்தில்தான். 1943-ல் டாக்டர் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அதில் முதல் குழந்தை இந்த டொனால்ட்.

நாலு வயதுகூட நிரம்பாத அந்தக் குழந்தையை, டாக்டர்களின் யோசனைப்படி, பெற்றோர் ஒரு விடுதியில் சேர்த்தார்கள். ஒரு வருஷம் ஆயிற்று. பெற்ற மனம் கேட்கவில்லை. விடுதியின் தலைவர் தடுத்தும் பொருட்படுத்தாமல் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். அதற்குப் பின் நடந்ததிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

ஏனென்றால், நம் வீடுகளிலும் அத்தகைய குழந்தைகள் இருக்கிறார்கள். ஆட்டிஸம் நோயல்ல, பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. தாய் வளர்த்த விதந்தான் காரணம் என்று ஒரு காலத்தில் கூசாமல் பழி சுமத்தினார்கள். அது அபாண்டம் என்பது ருசுவாகிப் பல வருஷங்கள் ஆகின்றன. ஆனால் பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகிப் பள்ளிக்கூடமும் முடிந்துவிட்டால், இரவில் தாய்க்குத் தூக்கம் வருவதில்லை. “எனக்குப் பிறகு இவனுக்கு யார்?” என்ற கேள்விதான் காரணம்.

ஒன்பது வயதில் டொனால்டை ஒரு விவசாயத் தம்பதியிடம் கொண்டு போய் விட்டார்கள். சிறுவனுக்கு எதையும் எண்ணுவதிலும் அளப்பதிலும் அடங்காத மோகம். சோளக் கொல்லையில் வரிசைகளை ஓயாமல் எண்ணினான். அவர்கள் கோபித்துக்கொள்ளவில்லை. கையில் கலப்பையைக் கொடுத்து, “உழுதுகொண்டே எண்ணு” என்று விட்டார்கள். அளக்க ஆசைப்பட்டவனைக் கிணறு தோண்டச் சொல்லி, ஆழத்தை அளந்து சொல்ல வைத்தார்கள். 1945-ல் பார்க்கப் போன கானரே வியந்து போனார்.

பார்த்தீர்களா? நாம் பிடிவாதம் என்று எண்ணித் திட்டுவதுதான் சில சமயம் ஜீவனத்துக்கு வழியாக அமைகிறது. பஸ் நம்பர்களை மனப்பாடமாக ஒப்பிக்கும் பையனுக்கு, தனியாகப் பஸ்ஸில் போக முதலில் கற்றுக் கொடுங்கள். மடிப்புக் கலையாமல் துணி அடுக்கும் பெண்ணிடம் வீட்டுச் சலவை முழுவதையும் ஒப்படையுங்கள்.

எப்படிக் கற்பிப்பது? பெரிய வேலையைச் சிறு சிறு படிகளாக்குங்கள். ‘தோசை வார்ப்பது’ என்பது நமக்கு ஒரு வேலை. அவனுக்கோ பத்து வேலை. ஒவ்வொரு படிக்கும் ஒரு படம் எடுத்து அடுப்பங்கரைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள். கடைசிப் படியிலிருந்து ஆரம்பிப்பதும் ஒரு நல்ல உபாயம். முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, தோசையைத் தட்டில் போடுவதை மட்டும் அவனிடம் விடுங்கள். அடுத்த வாரம் திருப்பிப் போடுவதும் அவன் வேலை. ஒவ்வொரு நாளும் வேலை அவன் கையால் முடிவதால் அவனுக்கு உற்சாகம் குறைவதில்லை.

பஸ் பிரயாணமும் இப்படித்தான். முதலில் பக்கத்தில் உட்காருங்கள். பிறகு பின் ஸீட்டில். அப்புறம் இறங்குமிடத்தில் போய்க் காத்திருங்கள். பயிற்சி நிலையத்தில் அழகாகச் செய்வது வீட்டில் தானாக வந்துவிடாது. ஆகவே எங்கே செய்ய வேண்டுமோ அங்கேயே பழக்குவது மேல். மிக்ஸியின் சத்தம் அவன் காதைத் துளைக்கிறதா? அது பாசாங்கல்ல. காதை மூடிக்கொள்ள ஒரு சாதனம் வாங்கிக் கொடுங்கள்.

இன்னொன்று, இதைத் தாய்மார்கள் அவசியம் கவனிக்க வேண்டும். சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் குழந்தையைச் ‘சமர்த்து’ என்று மெச்சுகிறோம். வளர்ந்த பிறகு அந்தச் சமர்த்தே ஆபத்தாகலாம். ‘வேண்டாம்’ என்று சொல்லவும், குளியலறைக் கதவைத் தாழிடவும், தொடக் கூடாத இடத்தில் எவர் தொட்டாலும் வந்து சொல்லவும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் கற்பிக்க வேண்டும். பேச வராதவர்களும் படத்தைக் காட்டி மறுக்கலாம். என்ன சட்டை, என்ன டிபன், யாரோடு இருப்பது என்பதில் அவர்கள் இஷ்டத்தைக் கேட்டுப் பழகுங்கள்.

பிரிந்திருப்பதையும் நீங்கள் திடகாத்திரமாக இருக்கும்போதே பழக்கிவிடுங்கள். ஓர் இரவு அத்தை வீட்டில்; பிறகு இரண்டு இரவு; பிறகு ஒரு வாரம். இதைத் தள்ளிப் போட்டால் என்ன ஆகும்? தாய் மறைந்த அன்றே வீடும் மாறும், சாப்பாடும் மாறும், அன்றாட ஒழுங்கும் மாறும். மாறுதல் என்றாலே கலங்கும் ஒருவன் இத்தனையையும் ஒரே நாளில் எப்படித் தாங்குவான்?

எல்லாரும் டொனால்டைப் போல ஆகிவிடுவார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் குடும்பம் வசதியுள்ளது; அந்தப் பாங்கியை ஸ்தாபித்ததே தாயாரின் குடும்பம். அவருக்கென்று பணமும் ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஆனால் பணம் மட்டும் அவரைக் காப்பாற்றவில்லை. ஊர் முழுவதும் அவரை அறிந்திருந்தது. அவரைப் பற்றி எழுதப் போன பத்திரிகையாளர்களிடம், அவருக்குத் தீங்கு வந்தால் சும்மா விட மாட்டோம் என்று ஊரார் எச்சரித்தார்களாம். சுதந்திரமாக வாழ்வது என்றால் உதவியே இல்லாமல் வாழ்வதல்ல. சிலருக்கு ஆயுள் முழுவதும் துணை வேண்டியிருக்கும். அந்தத் துணை ஒரே ஒரு தாயின் தோளில் மட்டும் இருக்கக் கூடாது. எதிர் வீட்டு மாமி, மளிகைக் கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லாரும் அவனைப் பெயர் சொல்லி அழைக்கும்படி இன்றே பழக்கிவிடுங்கள்.

சட்டமும் கை கொடுக்கிறது. பதினெட்டு முடிந்தால் பிள்ளை மேஜர். பெற்றவர் என்ற உரிமையில் அவனுக்காகக் கையெழுத்திட முடியாது. 1999-ம் வருஷத்து நேஷனல் டிரஸ்ட் சட்டப்படி, ஜில்லாவிலுள்ள உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து காப்பாளரை நியமித்துக்கொள்ளலாம். காப்பாளர் அவசியந்தானா, எந்தெந்தக் காரியங்களுக்கு என்று அந்தக் குழு ஆராய்கிறது. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமோ, காப்பாளரும் அவரும் கலந்து முடிவு செய்ய இடந்தருகிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கான மத்திய சர்க்காரின் தேசிய நிலையம் ஒன்று இருக்கிறது. அங்கே யோசனை கேட்கலாம்.

கடைசியாக, ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். அவனுக்கு எந்தச் சத்தம் ஆகாது, எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது, கோபம் வந்தால் எப்படித் தணியும் என்று உங்கள் மனத்தில் மட்டும் இருப்பதையெல்லாம் எழுதி வையுங்கள். நாளைக் காலையில் காப்பி குடித்த டம்ளரை அவனே கழுவட்டும். அடியில் கொஞ்சம் கறை இருந்தாலும் பாதகமில்லை. அவன் காணும்படி மட்டும் அதைத் திரும்ப எடுத்துக் கழுவாதீர்கள், அம்மா!