விலங்கியல் பட்டதாரியும் மின்னோட்டப் பாடமும்

புதிய அறிவியல் ஆசிரியர்களைத் தேர்ந்தெடுப்பதில் தமிழகம் காட்டும் அக்கறையில் பாதியைக்கூட, அவர்கள் வகுப்பறைக்குள் நுழைந்த பிறகான முதல் இரண்டு ஆண்டுகளில் காட்டுவதில்லை. தகுதித் தேர்வின் இரண்டாம் தாளில் 150 வினாக்கள், அதற்குப் பின் நியமனத்துக்கான போட்டித் தேர்வு எனச் சல்லடைகள் பல இருந்தும், விடையைத் தெரிவு செய்யும் அந்த வினாக்களில் ஒன்றுகூட, தேர்வர் ஓர் அம்மீட்டரைச் சுற்றில் சரியாக இணைப்பாரா என்பதை அறிய உதவாது. 2015 முதல் இரண்டாண்டுப் படிப்பாகிவிட்ட பி.எட். பள்ளிகளில் பயிற்சி பெற 20 வாரங்களை ஒதுக்குகிறது என்றாலும், அந்த வாரங்கள் பாடத்திட்டக் குறிப்பேடு எழுதுவதிலும் கற்பித்தல் துணைக்கருவிகள் தயாரிப்பதிலுமே பெரிதும் கரைந்துவிடுகின்றன.

காவிரியின் கிழக்குக் கரையில் விசைத்தறிகளாலும் சாயப்பட்டறைகளாலும் வாழும் குமாரபாளையம் போன்ற நகரத்தின் உயர்நிலைப் பள்ளியில் பணியேற்கும் பட்டதாரி ஆசிரியரின் முதல் இடர்ப்பாடு, அவர் கற்பிக்க வேண்டிய நூலிலேயே இருக்கிறது. தற்போதைய பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலின் 23 பாடங்களில், இயக்க விதிகள் தொடங்கி அணுக்கரு இயற்பியல் வரை முதல் ஆறும் இயற்பியல். அடுத்த ஐந்தும் வேதியியல். பின்வரும் பதினொன்று உயிரியல். எஞ்சிய ஒன்று கணினி சார்ந்தது. மாணவருக்கு இது ஒரே பாடம், ஒரே தேர்வு. ஆசிரியரோ இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என்னும் நான்கில் ஒன்றில் மட்டுமே பட்டம் பெற்றவர். மாணவர் எண்ணிக்கை குறைந்து, அறிவியலுக்கு ஒரே ஆசிரியர் என்னும் நிலையிலுள்ள பள்ளியில், இயற்பியலைப் பன்னிரண்டாம் வகுப்போடு விட்டுவந்த விலங்கியல் பட்டதாரி ஜூன் மாதத்தில் இயக்க விதிகளோடு ஆண்டைத் தொடங்க வேண்டியிருக்கிறது. இயற்பியல் பட்டதாரிக்கு மரபியல் பாடம் வரும்போதும் இதே நிலைதான்.

இந்தக் குறை சோதனை மேசையில்தான் முழுமையாக வெளிப்படுகிறது. ஒரு கம்பியின் மின்தடை எண்ணைக் காணும் சோதனையில், அம்மீட்டரைத் தொடராகவும் வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பாகவும் பொருத்த வேண்டும். கம்பியின் விட்டத்தைத் திருகு அளவியால் அளக்க வேண்டும். அளவியின் முனைகள் ஒன்றையொன்று தொடும்போதே அது காட்டும் பொய்யளவான சுழிப்பிழையைக் கண்டு நீக்க வேண்டும். கல்லூரியில் இவற்றைக் கையால் செய்து பழகாதவர், நாற்பது மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கையில் முள் எதிர்ப்பக்கம் நகர்ந்தால் என்ன செய்வது என்ற அச்சத்தில் அலமாரியைத் திறக்காமலே விட்டுவிடுவது இயல்பு. அலமாரி பூட்டியே கிடந்தால், மாணவர்கள் வழிகாட்டி நூலிலிருந்து அட்டவணையைப் பதிவேட்டில் பெயர்த்தெழுதுகிறார்கள். செய்முறைக்குரிய 25 மதிப்பெண்ணும் வந்து சேர்ந்துவிடுகிறது. மதிப்பெண் குறையாததால் ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. இந்த அமைதியே கவலைக்குரியது; முதல் ஆண்டில் திறக்கப்படாத அலமாரி பத்தாம் ஆண்டிலும் திறக்கப்படுவதில்லை.

குமாரபாளையத்தில் இது இரட்டை இழப்பு, ஏனெனில் இவ்வூரே ஒரு விரிந்த ஆய்வகம். பருத்தி நூலில் சாயம் ஏற உப்பையும், ஏறிய சாயம் நிலைக்கச் சோடா உப்பையும் சேர்க்கிறார்கள் என்பதும், அந்த உப்புகள் நூலோடு தங்காமல் கழிவுநீரில் கரைந்தே வெளியேறுகின்றன என்பதும் கரைசல்கள் பாடத்துக்கும் காரத்தன்மையை அளக்கும் சோதனைக்கும் நேரடிச் சான்றுகள். ஆற்றின் அக்கரையில் பவானியை அடுத்த ஊராட்சிக்கோட்டைக் கதவணை மின்நிலையம், தாழ்ந்த உயரத்திலிருந்து விழும் நீரும் மின்சாரம் தரும் என்பதைக் காட்டுகிறது. தறிக்கூடத்தின் இரைச்சலைப் பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒலியியல் பாடம் அந்நியமாக இருக்கத் தேவையே இல்லை. ஆனால், தன் பாடத்தில் உறுதியாகக் காலூன்றிய ஆசிரியரே பாடநூலை விட்டு விலகி ஊரைச் சுட்டிக்காட்டத் துணிவார். காலூன்றாதவர் வரிக்கு வரி புத்தகத்தையே பற்றிக்கொள்வார்.

தேர்வுகளை மேலும் கடுமையாக்கினால் திறமையானவர்களே வருவார்கள் என்று வாதிடுவோரும் உண்டு. வருவோர் எத்துணைத் திறமையானவராயினும் அவர் பெற்ற பட்டம் ஒரு பாடத்துக்குரியதே என்பதால், அந்த வாதம் இச்சிக்கலைத் தொடுவதே இல்லை.

பணியில் சேர்ந்தவருக்குத் தொடர்ந்து துணைநிற்பது எப்படி என்பதற்கு இந்தியாவிலேயே முன்மாதிரி உண்டு. மத்தியப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டு 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978-இல் மாவட்டம் முழுவதும் பரவிய ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், மாணவர்கள் செய்ய வேண்டிய சோதனைகளை ஆசிரியர்கள் கோடைப் பயிற்சியில் முதலில் தம் கையாலேயே செய்து பார்த்தார்கள். பள்ளி திறந்த பிறகு மாதந்தோறும் கூடி, எந்தச் சோதனை எங்கே பிசகியது என்று பேசினார்கள். ஏறத்தாழ முப்பதாண்டுகள் நடந்து 2002-இல் அது நிறுத்தப்பட்டது. இங்கிலாந்தில் 2021 செப்டம்பர் முதல் புதிய ஆசிரியர்களுக்கு இரண்டாண்டு அறிமுகக் காலம் வகுக்கப்பட்டு, முதல் ஆண்டில் கற்பிக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்கு குறைக்கப்படுகிறது. கூடவே வழிகாட்டி ஆசிரியர் ஒருவரும் அமர்த்தப்படுகிறார்.

இவற்றைக் குமாரபாளையத்தில் செய்து பார்க்கப் புதிய கட்டடமோ புதிய பல்கலைக்கழகமோ தேவைப்படாது. அண்டைப் பள்ளிகளின் ஆசிரியர்கள் ஒன்றுகூடும் குறுவள மையக் கூட்டங்கள் ஏற்கெனவே உள்ளன. அவற்றில் ஒரு பிற்பகலைச் சோதனைகளுக்கென்றே ஒதுக்கி, மேல்நிலைப் பள்ளியின் இயற்பியல் முதுகலை ஆசிரியரை விலங்கியல் பட்டதாரிக்கும், அங்குள்ள விலங்கியல் ஆசிரியரை இயற்பியல் பட்டதாரிக்கும் இரண்டு ஆண்டுகளுக்குத் துணையாக்கலாம். புதியவர் அடுத்த மாதம் வகுப்பில் செய்யவிருக்கும் சோதனையை அங்கே ஒருமுறை தவறவிட்டு, மறுமுறை சரியாகச் செய்து பழகட்டும். அதற்கு ஈடாக அவருடைய பாடவேளைகளில் வாரத்துக்கு இரண்டைக் குறைப்பது தலைமையாசிரியர்களும் கல்வித் துறையும் அடுத்த கல்வியாண்டு தொடங்கும் முன்பே எடுக்கக்கூடிய, எடுக்க வேண்டிய முடிவு. பெற்றோர்களும் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்பதோடு நின்றுவிடாமல், இந்த ஆண்டு தம் பிள்ளைகள் எத்தனை சோதனைகளைத் தம் கையால் செய்தார்கள் என்றும் கேட்க வேண்டும்.